டீசல் வேகனும் தம்பியின் கரண்ட் காரும்

ஆகஸ்ட் 25, திங்கள்

மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று விடியவே தொடங்கிவிட்டது. முற்றம் கூட்டியது வீண். கூட்டித் தள்ளிய சருகு எனக்கு முன்னமே வீட்டுக்குள் போய் இருக்கிறது.

இன்றைய வேலை: வேகனுக்கு ஒயில் பார்க்க. பின் ரயருக்குக் காற்று. பஞ்சு, கொண்டை ஊசி வாங்க. மல்லிகைக்குச் சொல்லிவைக்க. வெள்ளிக்கிழமை மாங்கேணியில் கல்யாணம், மணப்பெண் அலங்காரம் நான். முகூர்த்தம் காலையிலேயே. விடிய முதல் வெளிக்கிட வேண்டும்.

பஞ்சு முடிந்துவிட்டது. பொறுமையும் முடிகிற கட்டத்தில்.

காரணம் தம்பி குகன். கட்டாரில் இருந்துவிட்டு ஊருக்கு வந்ததில் இருந்து அவனுக்கு ஒரே பேச்சு, கரண்ட் கார். வாகன இறக்குமதித் தடை நீங்கியதும் ஒன்றுக்குச் சொல்லிவைத்தான். வியாழக்கிழமை கொழும்பிலிருந்து வருகிறதாம். சந்தோசம். ஆனால் அதோடு நிற்கவில்லை. என்னுடைய டீசல் வேகனையும் தள்ளிவிட்டு எனக்கும் ஒன்று எடுத்துத் தரப் போகிறானாம். ஏறாவூரில் பிடவைக் கடை வைத்திருக்கும், ஊருக்கே அண்ணனான நிஸ்தார் காக்காவிடம் வேகனைப் பற்றிப் பேசியும் விட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பாராம். என்னிடம் கேட்டது கடைசியில்.

"அக்கா, இப்ப வித்தாத்தான் ஆராவது வாங்குவான். இன்னும் ரெண்டு வருசம் போனா பழைய இரும்புக்காரன்தான் வருவான்."

"அப்ப அவனுக்குக் குடுப்பம்."

"நீ எல்லாத்துக்கும் சண்டைதான் கா."

வீட்டுக்காரர் மற்றப் பக்கம். ஓய்வு பெற்ற விஞ்ஞான வாத்தியார். கரண்ட் கார் பற்றிப் போனில் வருகிற அத்தனையும் பார்க்கிறார், கடைசியில் சொல்வது ஒரே சொல்: பொறு. "பற்றரி இன்னும் திருந்தோணும். இப்ப வாங்குறது முதல் தோசை, கல்லில ஒட்டும்." என்னைப் பெண் பார்க்க வந்து, பலகாரத் தட்டைக் காலி செய்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பிப் போன மனிதர் இவர். மாரி முடிந்த பிறகுதான் பதில் வந்தது.

ஒருவன் இழுக்கிறான், ஒருவர் பிடித்து வைக்கிறார். நடுவில் நானும் வேகனும்.

ரயருக்குக் காற்று அடிக்க மறந்துவிட்டேன்.


ஆகஸ்ட் 26, செவ்வாய்

வெயில் கொளுத்தல். காலையில் தன்னாமுனை. அடுத்த மாதம் தேவாலயத்தில் கல்யாணம், மணப்பெண் பிள்ளையின் தலையில் வெள்ளை நெற் முக்காடு எப்படி நிற்கும் என்று கட்டிப் பார்க்க. நின்றது. பிள்ளைக்கு நல்ல அடர்த்தியான முடி, கடவுள் எனக்குச் செய்த உதவி.

போகும்போதும் வரும்போதும் யோசனை. எழுதிப் பார்த்தால் தெளியும் என்று எழுதுகிறேன்.

விற்கலாம் என்பதற்கு: புகை. சத்தம். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மா ஒருத்தி, "நெல்லுக் குத்துற மெசின் வருதெண்டு நினைச்சன், பார்த்தா நம்மட மேக்கப் மிஸ்" என்று சபையில் வைத்துச் சொன்னாள். சிரித்துவிட்டு வந்தேன், உள்ளே எரிந்தது. பிறகு டீசல் தட்டுப்பாட்டில் வரிசையில் கிடந்த அந்தக் காலம். இடத்தை விட்டு நகர்ந்தால் வரிசை போய்விடும், நகராவிட்டால் கல்யாணம் போய்விடும். கடைசியில் மணப்பெண்ணையே வரிசைக்குக் கூப்பிட்டு, வேகனின் பின் சீற்றில் இருத்திச் சடை பின்னினேன். முடிந்து அவள் இறங்கியதும் வரிசையில் நின்ற பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டார்கள். நல்ல நாள்தான். ஆனால் இன்னொரு முறை வேண்டாம்.

விற்க வேண்டாம் என்பதற்கு: இதுவரை என்னை நடுவழியில் விட்டதில்லை. அவ்வளவுதான் எழுத வந்தது.

மத்தியானம் குகன் பிட்டுச் சாப்பிட வந்தான். சும்மா கேட்டேன், வேகனை ஞாயிற்றுக்கிழமை கொடுத்தால் எனக்குப் புதுக் கார் எப்போது கைக்கு வரும் என்று.

"கப்பல்ல ஏறோணும். மறுகா துறைமுகம், மறுகா பதிவு. மாரி முடியேக்க வந்திரும்."

"அது வரைக்கும்?"

"நான் இருக்கன்தானே அக்கா. எங்க போகோணும் எண்டு சொல்லு, கொண்டு போய் விடுறன்."

அந்த "கொண்டு போய் விடுறன்" நெஞ்சில் குத்தியது. அவன் ஆசையாகத்தான் சொன்னான். பாசக்காரன். ஆனால் அந்தச் சொல்லை நான் நிறையப் பேரிடம் கேட்டிருக்கிறேன்.

வேகன் வாங்க முதல் எல்லாம் பஸ். மேக்கப் பெட்டி மடியில், பூப் பை கழுத்தில். பஸ் ஓடாத நேரத்துக்கு ஆர் ஆரோ வாறன் வாறன் என்பார்கள். கல்குடாவில் ஒரு கல்யாணம். கொண்டு போய் விடுகிறேன் என்றவர் வரவில்லை. சந்தியில் பெட்டியோடு நின்று நின்று, கடைசியில் ஒரு மீன் வண்டியில் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். தாலி கட்டி முடிந்திருந்தது. பிள்ளையின் முகத்தில் மாமி ஒருத்தி பவுடர் அப்பியிருந்தாள். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அடுத்த கிழமையே கார் ஓட்டப் பழகப் போனேன். எங்கள் ஒழுங்கையில், இந்தக் குறுகல் தெருவில், ஸ்டியரிங் பிடித்த முதல் பெண் நான். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் பிறகு தங்கள் மகள்மாரின் கல்யாணத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

ஆகவே கேள்வி டீசலா கரண்டா என்பது இல்லை. முகூர்த்தக் காலம் முழுக்க நான் மற்றவனின் பக்கத்துச் சீற்றில் இருப்பேனா, இல்லையா. அதுதான் கேள்வி.

குகனிடம் இதைச் சொல்லவில்லை. அவனே ஒரு வழி சொன்னான்: "வெள்ளிக்கிழமை மாங்கேணிக்கு என்ட கார்ல வா. ஓடிப் பார்த்துப்போட்டு ஞாயிறு முடிவு சொல்லு." சரி என்றேன். நியாயமான பேச்சு.

வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் இருந்து: "பொறு."


ஆகஸ்ட் 28, வியாழன்

நேற்று எழுதவில்லை. சதுர்த்தி, மோதகம், விருந்தாட்கள், கால்வலி.

இன்று குகனின் கார் வந்தது. வெள்ளை. மினுக்கம். முகத்தில் காற்றுப் போக ஓட்டை இல்லை, மழமழ என்று இருக்கிறது. ஒழுங்கை முழுக்க வெளியே. ஒரு சத்தமும் இல்லாமல் வந்து நின்றது. கோழி கூட விலகவில்லை.

பின்னேரம் பிள்ளையார் கோயிலில் பூசை, நேற்றைய சதுர்த்திச் சனம் இன்று இல்லை. ஐயர் உற்சாகம். தேங்காய், கற்பூரம், நாலு சில்லுக்கும் அடியில் எலுமிச்சம்பழம். பிறகு சந்தனம் குங்குமம். இந்தக் காரின் முன்பக்கத்தில், கீழே, சட்டைப் பொத்தான் அளவில் சின்னச் சின்ன வட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. பொட்டு வைக்கவென்றே செய்து அனுப்பிய மாதிரி. ஐயர் ஒவ்வொரு வட்டத்திலும் அழகாகச் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைத்தார். ஒரே அளவு, ஒரே இடைவெளி, எனக்கே பொறாமை. நடுவில் உள்ள கொம்பனிச் சின்னத்துக்குப் பெரிதாக ஒன்று. முன் கண்ணாடியில் உச்சிக்கு நேரே மூன்று குறி விபூதி, தண்ணீரில் குழைத்து. "முகம் எண்டா நெத்தி வெறுமையா இருக்கப்படாது" என்றார். எல்லாரும் படம் எடுத்தார்கள். உண்மையாகவே வடிவுதான்.

வீட்டுக்குத் திரும்பும்போது கார் கீக் கீக் என்றது. "சனம் சுத்தி நிக்குது, அதுதான் சொல்லுது. நல்ல புத்தியுள்ள கார்" என்றான் குகன்.

நான் ஒரு சுற்று ஓட்டட்டுமா என்று கேட்டேன். "மறுகா அக்கா. இண்டைக்குத்தானே வந்தது." சரி. இருபது வருசத்துக்குக் கிட்ட ஓட்டுகிறேன். சரி.

பக்கத்துச் சீற்றில் இருந்து வாவிப் பாலத்தைக் கடந்தேன். உண்மை எழுதவேண்டும்: அருமையான கார். வாவிக் காற்று கேட்டது, என் வளையல் கேட்டது. புகை மணம் இல்லை. இப்படி ஒன்றில் கூறைச்சேலையைக் கொண்டு போனால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஆசை வந்துவிட்டது. கோபமும் வந்தது, ஆசை வந்ததற்கு.

கடைசித் தகவல்: குகன் ஒழுங்கைச் சனத்தை எல்லாம் ஏற்றி ஏற்றி ஓடியதில் சார்ஜ் இறங்கிவிட்டது. வீட்டுப் பிளக்கில் போட்டான். தண்ணீர் மோட்டரும் போட்டதில் ட்ரிப் சுவிச் விழுந்தது. திரும்பப் போட்டானாம். பார்ப்போம்.

வேகனின் ரயருக்குக் காற்று அடித்தேன். சும்மா, கிடக்கட்டும் என்று.


ஆகஸ்ட் 29, வெள்ளி

பின்னேரம். குளித்துவிட்டு, தேத்தண்ணியோடு எழுதுகிறேன். உடம்பு களைப்பு. மனம் பறக்கிறது.

விடிய முதல் வெளிக்கிட்டோம். குகனின் முகம் கொஞ்சம் வாட்டம். ட்ரிப் சுவிச் இரவு மறுபடி விழுந்திருக்கிறது, சார்ஜ் அரைகுறை. "போய்ச் சேர்ந்திரும், அங்க போட்டுக்கொள்ளுவம்" என்றான். ஏறாவூர்ச் சந்தையில் ஊர்ந்தபோது கீக் கீக். "சனம்" என்றான். பிறகு வேகமாகப் போனதில் சத்தம் இல்லை. ஓட்டமாவடிப் பாலம் தாண்டி நல்ல ஓட்டம். அப்போதுதான் மாட்டுப் பட்டி ஒன்று குறுக்கே. குகன் மெதுவாக்கினான்.

கார் அலறத் தொடங்கியது. கீ என்று விடாமல். தன்பாட்டில் பிரேக் போட்டது. பூப் பை முன்னுக்குப் பறந்தது. மாடுகள் போய்விட்டன. முன்னால் ஒன்றும் இல்லை. றோட்டு, வெயில், ஒரு குவியல் சாணம். காருக்கு மட்டும் ஏதோ தெரிகிறது. குகன் நகர்த்த, அது அலற, நிற்க. திரும்ப நகர்த்த, திரும்ப அலற. திரையில் ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்து, முன்பக்கம் மறைந்திருக்கிறதாம்.

குகன் ஓரம் கட்டிக் கொழும்புக்கு அடித்தான். விற்ற ஆள் நித்திரைக் குரலில், தொட வேண்டாம், லொறி அனுப்பலாம் என்றான். லொறி! குகனுக்கு வேர்த்து ஊற்றியது. "பேய் கீய் பார்க்குதோ அக்கா" என்று கேட்டான், பகிடி இல்லை.

என் போன். மணப்பெண்ணின் அம்மா. "மிஸ், எவடத்த வாறீங்க? பிள்ள தலை முழுகிப்போட்டு இருக்கு."

"வாறன் தங்கச்சி, கிட்டத்தான்."

பொய். இறங்கினேன். பெட்டியை எடுத்தேன். பஸ் வந்தால் மறிப்போம் என்று காருக்கு முன்னால் றோட்டில் நின்றேன். மடியில் இல்லை, கையில், மற்றப்படி அதே பெட்டி, அதே நான். கல்குடாவுக்குப் போன அன்று சந்தியில் நின்ற மாதிரியே. இத்தனை வருசத்துக்குப் பிறகும் றோட்டில்தானா?

பஸ் வருகிறதா என்று திரும்பியபோது காரின் முகம் நேரே தெரிந்தது. கச்சானில் காய்ந்து, வெடித்து, கல்லாய்ப் போன சந்தனப் பொட்டுகள், ஒவ்வொரு வட்டத்தின் மேலும். கண்ணாடியின் உச்சியில், உள்ளே கமரா இருக்கிற இடத்தை மூடிக்கொண்டு, மூன்று குறி விபூதி.

முகங்களோடு பிழைப்பவள் நான். கண்ணில் மை அப்பிக் கிடந்தால் எனக்குத் தெரியாதா? அந்த வட்டங்கள் எல்லாம் அதற்குக் கண்கள். ஐயர் அத்தனை கண்ணையும் பக்தியோடு அடைத்துவிட்டிருக்கிறார். மெதுவாகப் போகும்போதுதான் அவை பார்க்கும்போல; முன்னால் சுவர் இருக்கிறதென்று கார் அலறுகிறது, பாவம்.

"குகன், கத்தாத. பேய் இல்ல, சந்தனம்."

பெட்டியைத் திறந்தேன். தண்ணீருக்குக் காய்ந்த சந்தனம் அசையவில்லை. மேக்கப் கலைக்கிற எண்ணெய், பஞ்சு. முழங்காலில் நின்று ஒவ்வொரு பொட்டாக ஊறவைத்துத் துடைத்தேன், மணப்பெண்ணின் இமையில் துடைக்கிற மாதிரி, கீறாமல்.

"பூசைப் பொட்டு அக்கா! அழிக்கலாமா?"

"பிள்ளையார் கோவிக்க மாட்டார். முகூர்த்தம் பிந்தினாத்தான் கோவிப்பார். நீ கண்ணாடியத் துடை."

நடுச் சின்னத்தில் இருந்த பெரிய பொட்டையும் எடுத்தேன். பிள்ளையாருக்காக ஒரு ஓரத்தில், இரும்பில், சின்னதாகப் புதுப் பொட்டு ஒன்று வைத்தேன். குகன் காரைக் கிளப்பினான். திரையில் சிவப்பு இல்லை. சத்தம் இல்லை. சுகமாக நகர்ந்தது. நடு றோட்டில் நின்று குரவை போட்டேன், ஆம், நானே, தனியாக. எதிரே சைக்கிளில் வந்த ஐயா ஒருவர் இறங்கி நின்று பார்த்தார். பார்க்கட்டும்! காருக்கு மேக்கப் கலைத்த முதல் ஆள் இந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருக்கும்.

மாங்கேணி. ஓட்டமும் நடையுமாக வேலை. கொண்டை, பூச்சடை, நெற்றிச்சுட்டி, கூறை. கை தானாக ஓடியது. பிள்ளை நல்ல கறுப்பு, நல்ல கண். வெள்ளையாக்கச் சொன்ன மாமியை வெளியே அனுப்பினேன். மேளம் கூப்பிட முதல் பிள்ளை ரெடி. அவள் மணவறைக்கு நடந்தபோது போட்ட குரவையில் எனக்கும் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டேன்.

இனிக் குகனின் கதை. கல்யாண வீட்டுச் சமையல் குசினிப் பிளக்கில் சார்ஜ் போட்டான். கொஞ்ச நேரத்தில் காற்றுக்குக் கம்பி அறுந்து ஊருக்கே கரண்ட் இல்லை. கல்யாண வீட்டுக்காரர் பாட்டுக்கும் லைற்றுக்கும் வாடகைக்கு எடுத்த ஜெனரேற்றர் ஓடத் தொடங்கியது. குகன் அதன் சொந்தக்காரனின் காலில் விழாத குறை.

"ஐஸ்கிறீம் பெட்டிக்கே கரண்ட் காணாது அண்ணன். சரி, போடுங்க. பாட்டக் குறைப்பம்."

பந்தியில் இருந்து பார்த்தேன். கொல்லையில் ஜெனரேற்றர் கறுப்புப் புகை கக்குகிறது. அதிலிருந்து வயர். வயர் முடிகிற இடத்தில் குகனின் கரண்ட் கார். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"ஜெனரேற்றர் என்னத்தில ஓடுது தம்பி?"

வயரைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்தான்.

"இல்ல, சும்மா கேட்டன்."

"டீசல்ல" என்றான், கடலைப் பார்த்துக்கொண்டு.

சோறு அமிர்தமாக இருந்தது. இரண்டு முறை வாங்கினேன்.

திரும்பும்போது அவன் சாவியை நீட்டினான். "நீயே ஓட்டு அக்கா. எனக்கு இன்னும் நெஞ்சு படபடக்குது." ஓட்டினேன். மாங்கேணியிலிருந்து வீடு வரைக்கும். தொட்டால் பாய்கிறது, விட்டால் பூனை மாதிரி நிற்கிறது. வாழைச்சேனையில் ஒரு பஸ்ஸை முந்தினேன், சத்தமே இல்லாமல். டிரைவர் திரும்பிப் பார்த்தான். கை காட்டினேன். எனக்கு இது வேண்டும். கட்டாயம் வேண்டும்.

அதோடு முடிவும் வந்துவிட்டது. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே.


ஆகஸ்ட் 30, சனி

காற்றுக் குறைவு. சேலைகள் காயப் போட. தூரிகை கழுவ. எண்ணெய்ப் போத்தல் காலி, புதிது வாங்க.

வீட்டுக்காரர் நேற்று நடந்ததை ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிகிறார், ஏதோ தான் துடைத்த மாதிரி. "நான் அப்பவே சொன்னன், பொறு எண்டு."

காலையில் குகனைக் கூப்பிட்டு இருவரையும் ஒரே மேசையில் இருத்தினேன். சொன்னேன்:

"குகன், எனக்கும் ஒண்டுக்குச் சொல்லிவை. இண்டைக்கே."

வீட்டுக்காரரின் கையில் பிஸ்கட் தேத்தண்ணிக்குள் உடைந்து விழுந்தது. குகனின் முகத்தில் சிரிப்பு.

"வேகனை விக்க மாட்டன்."

குகனின் சிரிப்பு போனது, வீட்டுக்காரரின் சிரிப்பு வந்தது. பார்க்க வேண்டிய காட்சி.

"புதுசு வந்து என்ட முற்றத்தில நிக்கட்டும். வீட்டில அதுக்கெண்டு தனி வயர் இழுக்கட்டும். மாங்கேணிக்குப் போய் ஆரிட்டயும் பிளக் கேக்காமத் திரும்பி வரட்டும். அண்டைக்கு வேகன் போகும். அதுக்கு ஒரு நாள் முந்தியும் போகாது."

குகன்: "அது வரைக்கும் நான் கொண்டு போய் விடுவன்தானே..."

அப்போதுதான் சொன்னேன். கல்குடாக் கல்யாணம், சந்தி, மீன் வண்டி, அந்தப் பிள்ளையின் பார்வை, எல்லாம். அவன் அப்போது சின்னவன், தெரியாது. கேட்டுவிட்டுத் தலை குனிந்தான். "நான் அப்பிடி விடுவனா அக்கா?" "விடமாட்டாய். தெரியும். ஆனா எனக்கு ஆரையும் பார்த்துக்கொண்டு நிக்க ஏலா." கண் கலங்கியது, இரண்டு பேருக்கும்.

வீட்டுக்காரர்: "அப்ப நானும் பொறு எண்டுதானே சொன்னன்?"

"நீங்க பொறுக்கச் சொன்னது கார் திருந்தட்டும் எண்டு. அது எப்பவும் திருந்திக்கொண்டேதான் இருக்கும். நாம கிழடாகிப் போவம்."

இன்னொரு பிஸ்கட் எடுத்தார்.


ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலையில் நல்ல குளிர்ச்சி. முருங்கைக்காய்க் குழம்பு.

நிஸ்தார் காக்கா சொன்னபடி வந்தார். வேகனைச் சுற்றி வந்து, குனிந்து அடியைப் பார்த்து, தட்டி, என்ஜினைப் போட்டுக் கேட்டார். நெல்லுக் குத்துற மெசின் பாடியது. கண்ணை மூடி ரசித்தார்.

"உப்புக் காத்துக்க ஓடியும் துரு இல்ல. நல்லா வெச்சிருக்கீங்க தங்கச்சி."

மன்னிக்கச் சொன்னேன். இப்போது விற்கவில்லை, புதுக் கார் வந்து ஓடிப் பார்த்த பிறகுதான், வேறு வண்டி பார்ப்பதானால் பாருங்கள் என்றேன். கோபிப்பார் என்று நினைத்தேன்.

"அதுக்கென்ன, நான் பொறுக்கிறன். கடைக்குச் சாமான் ஏத்த இப்பிடி ஒண்டு இனி எங்க கிடைக்கும்? வேற ஆருக்கும் குடுத்திராதீங்க."

குகனைத் திரும்பிப் பார்த்தேன். பழைய இரும்புக்காரன்! அவன் வேலிக்கு மேலே காகத்தை எண்ணிக்கொண்டிருந்தான். நிஸ்தார் காக்காவுக்குத் தேத்தண்ணியோடு பழமும் வெட்டிக் கொடுத்தேன். வெற்றி பெற்றவளுக்குக் கை தாராளம்.

அவர் போன பிறகும் குகன் போகவில்லை. நின்றான். முற்றத்துக் கல்லைக் காலால் உருட்டினான். இன்று எங்கள் வயல்வட்டையில் அறுவடை மெசின் இறங்குகிறது, அப்பா விட்டுப்போன வயல், குகன்தான் பார்க்கிறான். ஆட்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொண்டு போகவேண்டும். வயல் பாதையில் நடுமேடு உயரம். புதுக் காரின் அடியில்தான் பற்றரி முழுக்க.

"அடி தட்டினா முடிஞ்சுது அக்கா" என்றான். பிறகு மெல்ல, "வேகனை ஒருக்காத் தாறியா? கொண்டு போய்ப்போட்டுக் கொண்டு வந்து விடுறன்."

கையை நீட்டினான். சாவி என் இடுப்பில். எடுத்தேன். அவன் கையில் வைக்கவில்லை.

"சாப்பாட்டுச் சட்டியப் பின்னுக்கு ஏத்து. நீ மற்றப் பக்கம் ஏறு."